நெஞ்சைத் தட்டினால் பாப்பா அழுகிறாளே!

கேள்வி: என் 7 மாதப் பெண் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி வெளியேற காலையும் மாலையும் பிசியோதெரபி செய்யச் சொல்லி, தட்டும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். கை வைத்தாலே வீறிட்டு அழுகிறாள். "பச்சப்புள்ளைய ஏன் இப்படி அடிக்கிற?" என்கிறார் மாமியார். எனக்கும் அழுகை வந்துவிடுகிறது. சளி இல்லாத நாளிலும் தட்டத்தான் வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இந்த நோய் மரபணுக் கோளாறால் வருவது. உப்பும் நீரும் செல்களைக் கடந்து போவது தடைப்படுவதால் மூச்சுக்குழாய்ச் சளி கெட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. வெளியே இருமல் இல்லாதபோதும் சிறு குழாய்களில் அது தேங்கியிருக்கலாம். அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அறிகுறி இல்லாத குழந்தைகளுக்குச் சில மையங்களில் தட்டுவதைக் குறைத்து, விளையாட்டு அசைவுகளைக் கூட்டுவதுண்டு. உங்கள் குழந்தைக்கு அது சரிவருமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

இனி அழுகை. சரியாகத் தட்டினால் வலிக்காது. ஒரே நிலையில் பிடித்து வைப்பது இந்த வயதில் எந்தக் குழந்தைக்கும் பிடிக்காது. பெரும்பாலும் அதற்குத்தான் அழுகிறாள். தண்ணீர் ஏந்துவதுபோல் உள்ளங்கையைக் குவித்து, மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் தட்டுங்கள். 'டொப் டொப்' என்று கேட்க வேண்டும். 'சட் சட்' என்று கேட்டால் கை தட்டையாக விழுகிறது, அது வலிக்கும். தோல் சிவந்தாலும் அதே பொருள்தான். முதுகெலும்பு, நடு நெஞ்செலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே தட்டக் கூடாது. பால் குடிப்பதற்கு முன்பு செய்யுங்கள். குடித்துவிட்டால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. மடியில், தோளில் சாய்த்து, பாட்டுப் பாடிக்கொண்டும் தட்டலாம்.

தலையைக் கீழே சாய்த்துத் தட்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. கைக்குழந்தைகளுக்கு அந்த முறையை இப்போது தவிர்க்கிறோம். பால் எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்புண்டு.

அப்புறம், உங்கள் கடிதத்தில் குழந்தையின் அப்பா எங்கும் வரவில்லையே! இது வருடக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அம்மா ஒருத்தியே தட்டுவதும், அழுகையைக் கேட்பதும், ஏச்சு வாங்குவதும் என்றால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வேளையை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். உங்களுக்குத் தூக்கமும் பசியும் கெட்டு, எந்நேரமும் அழுகையாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உதடு நீலமானால், மூச்சு வாங்கி விலா உள்ளிழுத்தால், சளியில் ரத்தம் தெரிந்தால் தட்டுவதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். அதே அழுத்தத்தில் அவர் முதுகில் தட்டிக் காட்டும்படி பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.