பட்டறைக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: கத்தி அடிக்கக் கற்று வருகிறேன். ஆறு மாதம் ஒருவரின் பட்டறையில் கூடமாட வேலை செய்தேன். இப்போது வீட்டின் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஒரு கதவு, ஒரு சன்னல். கேஸ் உலை, பெல்ட் கிரைண்டர், மெருகேற்றும் பஃபிங் வீல் மூன்றும் வாங்கச் சேமித்துவிட்டேன். இரும்பை வைத்து அடிக்க நல்ல அடைகல் வாங்கத்தான் பணம் போதவில்லை. எதை முதலில் வாங்கலாம்? பாதுகாப்புக்குத் தடிமனான கையுறை வாங்கிவிட்டேன். அது போதுமா?

பதில்: போதாது, தம்பி. கையுறைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அறையைப் பார்ப்போம்.

கேஸ் உலையில் இரும்பின் மேல் செதில் அதிகம் படியாமலிருக்கக் காற்றைக் கொஞ்சம் குறைத்து எரிப்போம். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நான் தனியாகப் பட்டறை போட்ட முதல் வருடம், சாரல் அடிக்கிறதே என்று கதவைச் சாத்திவிட்டு வேலை பார்த்தேன். தலை வலித்தது, குமட்டியது. சம்மட்டி பிடித்த களைப்பு என்றுதான் நினைத்தேன். சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. தற்செயலாக வந்த நண்பர் வெளியே இழுத்துப் போட்டதால் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஆகவே உலையை அறைக்கு வெளியே, ஒரு கூரைச் சார்ப்பின் கீழ் வையுங்கள். அறைக்குள் கிரைண்டரும் மேசையும் இருக்கட்டும். உலை உள்ளேதான் இருந்தாக வேண்டுமென்றால், கதவு சன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும், உலைக்கு மேலே புகைக்கூண்டு வேண்டும், மூச்சு விடும் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்ட வேண்டும். அலாரம் கத்தினால் கேஸை மூடிவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். கையிலிருக்கும் துண்டை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். சிலிண்டரும் வெளியிலேயே நிற்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.

உலைக்குள் விரிக்கும் செராமிக் பஞ்சை வெறுமனே விட்டுவிடக் கூடாது. அதன் இழை நுரையீரலுக்குக் கெடுதல். மேலே தீக்களிமண் பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிட்ட பிறகே பற்றவையுங்கள்.

அடைகல் இல்லையே என்ற கவலையை விடுங்கள். கனமான, கெட்டியான எந்த எஃகுத் துண்டும் கத்தி வேலைக்குப் போதும். தண்டவாளத் துண்டு கிடைத்தால் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடி விழும் இடத்துக்கு நேர் கீழே அப்போதுதான் கனம் இருக்கும். பெரிய சம்மட்டியின் தலையை மரக்கட்டையில் புதைத்தும் அடிக்கலாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி அதன் மேல் தொட வேண்டும், அதுதான் உயரம். சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல குறடு இரண்டு வாங்குங்கள். குறட்டின் வாய் உங்கள் பட்டையின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத குறட்டிலிருந்து நழுவும் சிவந்த இரும்பு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கையில் கிடைத்த இரும்பையெல்லாம் உலைக்குள் விடாதீர்கள். ஜிஐ குழாய் மீதுள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். நாம் இரும்பை அடிக்கும் சூடு அதைவிட அதிகம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல் போல வரும். இரண்டு பக்கமும் மூடிய குழாய் சூட்டில் வெடிக்கும்.

தோய்ச்சலுக்கு, அதாவது சிவந்த கத்தியை எண்ணெயில் முக்கிக் கடினமாக்க, உயரமான, சாயாத இரும்புப் பாத்திரம், கூடவே இறுக்கமான மூடி. பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அதன் புகை நல்லதல்ல. சமையல் எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கினால் எளிய கார்பன் எஃகுக்குப் போதும். எஃகு சூடேறிக் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அதற்குச் சற்று மேலே போனதும் எடுத்து, சிவந்த பகுதி முழுவதும் முங்கும்படி ஒரே மூச்சில் இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் எண்ணெயின் மேற்பரப்பு பற்றிக்கொள்ளும். பற்றினால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். பவுடர் தீயணைப்பானைக் கதவருகே மாட்டுங்கள். உலையின் பின்னால் மாட்டினால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. தோய்ச்சல் ஆன கத்தி கண்ணாடி மாதிரி உடையும். அன்றைக்கே 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை சூடுகாட்டிவிடுங்கள்.

இனி கையுறை. குறடு பிடிக்கும் கைக்கு அது சரி. கிரைண்டர், டிரில், பஃபிங் வீல் என்று சுழலும் எதன் பக்கத்திலும் கையுறையோடு போகாதீர்கள். துணி நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். மோதிரம், தொங்கும் சட்டைக் கை, கட்டாத முடி எல்லாவற்றுக்கும் இதுவே. டிரில்லில் துளை போடும்போது கத்தியைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். சிக்கிய கத்தி விசிறி போலச் சுழலும்.

பஃபிங் வீலை இப்போது வாங்காதீர்கள், தம்பி. மெத்தென்ற துணிச் சக்கரம் என்பதால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் கத்தி வேலையில் நான் மிகவும் அஞ்சும் இயந்திரம் அதுதான். தீட்டிய விளிம்பு துணியில் மாட்டினால் கத்தி கண் இமைக்கும் முன் உங்கள் பக்கமோ காலடிக்கோ பறந்து வரும். கையால் உப்புத்தாள் தேய்த்தே நல்ல மெருகு கொண்டுவரலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பெல்ட் கிரைண்டர் வாங்குங்கள், ஆனால் அதோடு சேர்த்து நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடியும் வாங்குங்கள். இயந்திரம் நின்ற பிறகும் தூசி காற்றில் மிதக்கும், உடனே கழற்ற வேண்டாம். தீப்பொறி விழும் இடத்தில் தண்ணீர் வாளி வையுங்கள். பிடிக்கு மரம் இழைத்த தூளும் எஃகுப் பொறியும் ஒரே பையில் சேரக் கூடாது. உள்ளே கனன்று நீங்கள் தூங்கிய பிறகு பற்றும்.

சிவந்த இரும்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்கள் குறைவு. கறுத்துக் கிடப்பதை எடுத்துச் சுட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். 400 டிகிரியிலும் பகல் வெளிச்சத்தில் இரும்பு கறுப்பாகத்தான் தெரியும். புறங்கையை அருகில் காட்டிப் பார்த்த பிறகே எதையும் எடுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், எதையும் பூசாதீர்கள்.

பருத்திச் சட்டை, தோல் ஷூ, காதடைப்பான் இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் இரண்டாக வாங்குங்கள். நீங்கள் அடிப்பதைப் பார்க்க யாராவது கட்டாயம் வருவார்கள், அவர்களுக்கு ஒன்று வேண்டும்.