பத்துக் குளவி போதாதா?

வணக்கம்.

ஆல்ஃபிரட் கின்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவரைப் பாலியல் ஆய்வாளராகத்தான் தெரியும். அதற்குமுன் இருபது வருடம்போல ஓக் மரக் குளவிகளைச் சேகரித்தார் என்பது எனக்குப் புதிது. ஓர் இனத்துக்குப் பத்துக் குளவி போதாதா? லட்சக்கணக்கில் எதற்கு? கிறுக்குத்தனமாகத் தெரியவில்லையா?

கதிர்

அன்புள்ள கதிர்,

கிறுக்கு கொஞ்சம் இருந்திருக்கும். இல்லாவிட்டால் 50 லட்சத்துக்கும் மேல் எப்படிச் சேரும்! ஆனாலும் பத்து போதாது.

இந்தக் குளவிகள் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையிலோ மொட்டிலோ முட்டையிடும். புழு வளர வளர, மரம் தன் சதையாலேயே அதைச் சுற்றி ஒரு முடிச்சை உண்டாக்குகிறது. மாசிக்காய் அப்படி வந்ததுதான். குளவிகள் பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் முடிச்சின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. அதனால் குளவியோடு அது வெளிவந்த முடிச்சையும் சேர்த்து வைக்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு: முடிச்சிலிருந்து வருவதெல்லாம் அதை உண்டாக்கிய குளவி அல்ல. அதன் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியாகவும் இருக்கலாம். அப்புறம், பல இனங்களில் ஒரு தலைமுறை முழுக்கப் பெண்கள். அடுத்ததில் ஆணும் உண்டு. இரண்டின் முடிச்சும் வேறு, உருவமும் வேறு. தாய்க்கும் மகளுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்த கதையெல்லாம் நடந்திருக்கிறது.

பத்தை மட்டும் வைத்திருந்தால் ‘இந்த இனம் இப்படித்தான்’ என்று மனதில் ஒரு உருவம் உட்கார்ந்துவிடும். கின்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே இடத்துக் குளவிகளுக்குள் எவ்வளவு வேறுபாடு, எந்த மலை தாண்டினால் அது மாறுகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்காக மெக்சிகோ வரை போனார். 1930இல் சினிப்ஸ் என்ற ஒரே பேரினத்தைப் பற்றித் தடித்த நூல் எழுதினார்.

இதே பழக்கத்தோடுதான் பாலியல் ஆய்வுக்காக மனிதர்களிடமும் பேட்டி எடுக்கப் போனார். அங்கே எனக்கு அவரோடு உடன்பாடு குறைவு. தானாக முன்வந்து பேசுகிறவர்கள் ஊர் முழுவதற்கும் பிரதிநிதி ஆக மாட்டார்கள். புள்ளியியலாளர்கள் அப்போதே இதைக் குறை சொன்னார்கள்.

குளவிகளிலும் அவர் இனங்களை அளவுக்கு மீறிப் பிரித்தார் என்ற விமர்சனம் உண்டு. அவர் வைத்த பெயர்களில் பல பின்னால் ஒன்றாக்கப்பட்டன. அப்படிச் சரிபார்க்க முடிவதற்குக் காரணம், 1956இல் அவர் இறந்தபின் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன அதே சேகரிப்புதான்.