கூட்டுப் பட்டாவுல ஒருத்தர் கையெழுத்து போதுமா?

கேள்வி: போன மாசம் எங்க ஊர் சமுதாயக் கூடத்துல ரத்தப் பரிசோதனை முகாம் போட்டாங்க. சுகர், ரத்தசோகை பாக்குறோம்னு சொல்லி ரத்தம் எடுத்து, ஒரு ஃபாரத்துல கையெழுத்தும் வாங்கினாங்க. அது மரபணு ஆராய்ச்சிக்கும் போகும்னு காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் படிச்சுச் சொன்னதுல இருந்து ஊரே இதைத்தான் பேசுது. ஆதாருக்கு கைரேகை, கண்ணு எல்லாம் குடுத்தாச்சு, டி.என்.ஏ.வையும் கவர்மெண்ட் எடுத்து வச்சா நமக்கு என்ன நஷ்டம்? தப்பு பண்ணினவன்தானே பயப்படணும்? ஃபாரத்தோட போட்டோவும் அனுப்பியிருக்கேன்.
ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: ஐயா, நீங்க ஆதாருக்கு வச்ச கைரேகை உங்க ஒருத்தரோட நின்னு போச்சு. ரத்தம் அப்படி இல்ல, அதுல பரம்பரையா வர்ற மரபணு, அதாவது டி.என்.ஏ. இருக்கு. அதுல உங்க அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, பெத்த புள்ளைங்க, இன்னும் பொறக்காத பேரன் வரைக்கும் இருக்காங்க, அதுலயும் நம்ம பக்கம் அத்தை பொண்ணு மாமன் பையன்னு சொந்தத்துக்குள்ளயே குடுத்து எடுத்து எல்லாம் பின்னிக் கிடக்கு. கூட்டுப் பட்டாவுல இருக்கிற மொத்த நிலத்தையும் ஒரே ஒரு பங்காளி கையெழுத்து போட்டு கிரயம் பண்ணிட முடியுமா? டி.என்.ஏ. அந்த மாதிரி கூட்டுச் சொத்து, உங்க கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு எல்லாரோட பங்கையும் எடுத்துட்டுப் போறாங்க.

இது என் கற்பனை இல்ல. ஐஸ்லாந்துல 1998ல மக்களோட மருத்துவ விவரங்களை ஒரே டேட்டாபேஸ்ல சேக்க சட்டம் போட்டாங்க. செத்துப் போன எங்க அப்பா விவரத்தை அதுல சேக்காதீங்க, அவரைப் பத்தி தெரிஞ்சா என்னைப் பத்தியும் தெரிஞ்சுடும்னு ஒரு பொண்ணு கோர்ட்டுக்குப் போச்சு, 2003ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் அந்தப் பொண்ணு பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. கலிஃபோர்னியாவுல 70கள், 80கள்ல வரிசையா கொலை பண்ணின ஒரு ஆளை 2018ல பிடிச்சாங்களே, அந்த ஆள் தன் டி.என்.ஏ.வை எந்த வெப்சைட்லயும் போடல, யாரோ தூரத்துச் சொந்தக்காரங்க வம்சாவளி பாக்கப் போட்டது வழியா போலீஸ் அவன் வீட்டுக்கு வந்து நின்னுச்சு. கொலைகாரன் மாட்டினது நல்லதுதான். ஆனா அதே வழியில யாரை வேணாலும் தேடலாம்ல.

தப்பு பண்ணினவன்தான் பயப்படணும்னு சொன்னீங்க, அதுக்குத்தான் எனக்கு கோவம் வருது. குற்றப்பரம்பரைச் சட்டம்னு வெள்ளைக்காரன் போட்டானே, அதுல கைரேகை வைக்கச் சொன்னது தப்பு பண்ணினவனையா? ஒரு சாதியில பொறந்த எல்லாரையும். மாட்டோம்னு நின்ன மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்ல 16 பேரை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி சுட்டுக் கொன்னாங்க. கைதிகளோட அளவு, ரேகை எல்லாம் எடுக்கிற சட்டமும் அதே 1920ல தான் வந்துச்சு, அதை எடுத்துட்டு 2022ல புதுசா ஒரு சட்டம் கொண்டு வந்திருக்காங்க, இப்ப ரத்தம் போன்ற உயிரியல் மாதிரிகளையும் எடுக்கலாம், விவரத்தை 75 வருஷம் வச்சிருக்கலாம். மறியல் பண்ணி மண்டபத்துல அடைச்சு சாயங்காலம் விடுறது நம்ம டெல்டாவுல புதுசு இல்லைங்கிறதால ஒண்ணு சொல்லி வைக்கிறேன்: பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமா இல்லாம, ஏழு வருஷத்துக்குக் குறைஞ்ச தண்டனை உள்ள கேஸ்னா, ரத்தம் குடுக்க மாட்டேன்னு சொல்ல அந்தச் சட்டத்துலயே இடம் இருக்கு, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டா வேற விஷயம்.

புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை மறந்துட்டீங்களா? 2022 டிசம்பர்ல பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற தண்ணி டேங்க்ல மலம் கலந்திருந்துச்சு. விசாரணைன்னு வந்தப்போ அந்தத் தண்ணியைக் குடிச்ச மக்கள்கிட்டயே டி.என்.ஏ. டெஸ்டுக்கு ரத்தம் கேட்டாங்க. பாதிக்கப்பட்ட எங்ககிட்டயேவான்னு சில பேர் மறுத்தாங்க, அப்புறம் கோர்ட் வழியா எடுத்தாங்க, எதுவும் பொருந்தலன்னு செய்தி வந்துச்சு. (2025 ஜனவரியில அதே மக்கள்ல மூணு பேர் மேல குற்றப்பத்திரிகை போட்டாங்க, அந்தச் சர்ச்சை தனி.) பொருந்தாதவங்க குடுத்த ரத்தத்தை எத்தனை நாள்ல அழிக்கணும்னு கேட்டா, அதுக்குன்னு தனியா ஒரு டி.என்.ஏ. சட்டம் நம்ம நாட்டுல இல்ல. 2019ல மசோதா கொண்டு வந்து, நாடாளுமன்றக் குழு பார்த்து அறிக்கை குடுத்து, கடைசியில 2023 ஜூலையில வாபஸ் வாங்கிட்டாங்க. அதே வருஷம் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல மரபணு விவரத்துக்குன்னு தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, கவர்மெண்ட் தன்னோட அமைப்புகளுக்கே விலக்கு குடுத்துக்கலாம்னு மட்டும் இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன நாடு இது.

ஆராய்ச்சியே வேணாம்னு நான் சொல்லல. மரபணு ஆராய்ச்சி பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்தை வச்சே நடந்திருக்கு, நம்ம உடம்புக்கு ஏத்த வைத்தியம் வரணும்னா நம்ம ரத்தத்தையும் படிக்கணும். 2020ல ஆரம்பிச்ச ஜீனோம் இந்தியா திட்டத்துல 10,000 பேரோட முழு மரபணுவைப் படிச்சு ஃபரிதாபாத்ல சேமிச்சிருக்காங்க, நல்ல வேலை. ஆனா பேரை எடுத்துட்டோம், பயப்படாதீங்கன்னு சொன்னா மட்டும் போதாது. பேரை நீக்கின மரபணு விவரத்தை வச்சே ஏறக்குறைய 50 பேரை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சுக் காட்டினது 2013ல. நம்ம ஊர்ல சாதி, கிராமம், வயசு மூணும் தெரிஞ்சா டீக்கடையிலயே ஆளைச் சொல்லிடுவாங்க. அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்துலயே கோளாறாம்னு ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா வரன் வந்த வீட்டுல இருந்து அடுத்த போன் வராது, ரத்தமே குடுக்காத தங்கச்சி பொண்ணுக்கும் சேத்துதான் அந்தப் பேச்சு.

நீங்க அனுப்பின ஃபாரத்தை முழுசா படிச்சேன். மூணு பக்கமும் இங்கிலீஷ். சுகர் டெஸ்ட் முதல் பக்கத்துல பெரிய எழுத்துல இருக்கு, மரபணு ஆய்வுக்குச் சேமிக்கலாம்ங்கிறது மூணாவது பக்கத்துல ஒரே ஒரு வரி, எத்தனை வருஷம், யார் கையில, வேணாம்னா யாரைக் கேக்கணும் எதுவுமே இல்ல, ஆனா இடது கை பெருவிரல் ரேகைக்கு மட்டும் தாராளமா கட்டம் போட்டு வச்சிருக்காங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி, குடுக்கிறவருக்குப் புரியிற பாஷையில விவரம் சொல்லணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும், எப்ப வேணாலும் விலகிக்கலாம்.

அதனால இப்ப செய்ய வேண்டியது, என் ரத்த மாதிரியை மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்தாதீங்க, எடுத்து வச்சதை அழிச்சுட்டு எழுத்துல பதில் குடுங்கன்னு முகாம் நடத்தினவங்களுக்கு போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, கைநாட்டு வச்ச பாட்டிங்களுக்கும் அந்தப் பையனை வச்சு எழுதிக் குடுங்க. அடுத்த கிராம சபையில அவங்களே வந்து தமிழ்ல விளக்கணும்னு தீர்மானம் போடுங்க. பதில் வந்தாலும் வரலைனாலும் நகலை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்லயே போடுறோம்.