கார்ட்டூன் பார்த்து அழுகிறேன், இது ஒரு நோயா?

வணக்கம் அம்மா,

நான் கிளிநொச்சியில் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறேன். முப்பது வயது தாண்டிவிட்டது, கூட்டுறவுச் சங்கமொன்றில் வேலை. மகளுக்கு 6 வயது.

இரவில் அவளுக்குச் சோறு தீத்தும்போது போனில் கார்ட்டூன் படம் போட்டுவிடுவோம். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தை நான்தான் தமிழில் கதை சொல்லிச் சொல்லிக் காட்டினேன். தொடக்கத்திலேயே ஒரு பெரிய மீன் வந்து தாக்கும். தகப்பன் மீன் மயக்கம் தெளிந்து பார்த்தால் மனைவியும் இல்லை, முட்டைகளும் இல்லை. ஒரேயொரு முட்டைதான் மிச்சம், அதிலும் கீறல். அதைச் செட்டையில் ஏந்திக்கொண்டு, உனக்கு இனி ஒன்றும் நடக்க விடமாட்டேன் என்று சொல்லும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “அப்பா, பிறகு என்ன? சொல்லுங்கோ” என்று மகள் உலுப்புகிறாள், வாய் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் நித்திரையானாலும் நான் தனிய இருந்து இப்படியான படங்கள் பார்க்கிறேன். அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. சின்ன வயதில் நானும் தங்கச்சியும் பாலைப்பழம் பொறுக்கித் தின்று, பால் பட்டு உதடு ஒட்டிப்போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததும், இரணைமடுக் குளம் வான் பாயுது என்று அப்பாவின் சைக்கிளில் போய்ப் பார்த்ததும் இப்ப நடந்த மாதிரி வருகின்றன.

தங்கச்சியை 2009இல், கடைசி யுத்தத்தில், மாத்தளனில் பறிகொடுத்தோம். அவளுக்கு 7 வயது, எனக்கு 14. செத்தவீடுகூடச் செய்யவில்லை. பிறகு செட்டிகுளம் அகதி முகாம், அதற்குப் பிறகு படிப்பு, வேலை, வீட்டுக் கடன். அவளைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை, அம்மா தாங்கமாட்டா.

“ஆம்பிளை இருந்து கார்ட்டூனுக்கு அழுறதோ, ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்” என்று மாமி சொல்கிறா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கோயிலில் நூல் வாங்கிவந்து கையில் கட்டிவிட்டா. மகளைப் படலைக்கு வெளியில் விளையாட விடவும் எனக்கு மனம் வருவதில்லை. மூளையில் ஏதும் பிசகோ? படம் பார்ப்பதை நிறுத்த வேண்டுமா?

— ஒரு தகப்பன்

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியதில் மூளைப் பிசகு என்று சொல்ல எதையும் நான் காணவில்லை.

உங்கள் மகள் இப்போது தங்கச்சியின் வயதை நெருங்குகிறாள். பிள்ளை ஒரு வயதுக்கு வரும்போது, அந்த வயதோடு கட்டுண்ட பழைய துக்கம் பெற்றோருக்குள் எழும்புவது உளவளத்துணையில் நாங்கள் அடிக்கடி காண்பது. யுத்தக் காட்சி டிவியில் வந்தால் நீங்கள் எழும்பிப் போயிருப்பீர்கள், மனம் அங்கே காவல் போட்டு வைத்திருக்கிறது. ஒரு மீன் வந்து அழவைக்கும் என்று அந்தக் காவலுக்குத் தெரியாது. வரைந்த முகத்தில் இரண்டு கண், ஒரு வாய், கொஞ்சக் கோடு, அவ்வளவுதான். அது இன்னாருடைய முகம் என்று இல்லாததால் பார்ப்பவர் தன் ஆட்களை அதில் கண்டுவிடுகிறார். மீனும் பொம்மையும் பேசும் என்று நம்புகிற மனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஜீன் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த உலகத்துக்குள் போனதும் உங்களுக்கும் அந்த வயது திரும்பிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அழுகையைவிட அந்தப் பாலைப்பழம்தான். தங்கச்சியின் சாவை நினைக்கக் கூடாது என்று பூட்டியபோது, உதடு ஒட்டிச் சிரித்த தங்கச்சியும் உள்ளே அகப்பட்டுப் போனாள். 14 வயதில் அம்மாவைத் தேற்றுகிற ஆளாக மாறிய உங்களுக்கு, அந்தக் கள்ளமில்லாத பிள்ளையாகத் திரும்ப இடமே கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

2015இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தையும் பாருங்கள். உணர்ச்சிகளை ஆராய்கிற டாக்கர் கெல்ட்னர், போல் எக்மன் என்ற இரு உளவியலாளர்கள் அதற்கு ஆலோசனை சொன்னார்கள். ஒரு சிறுமியின் மனதுக்குள் இருக்கிற மகிழ்ச்சி, கவலை போன்ற உணர்ச்சிகளே அதில் பாத்திரங்கள். அந்தச் சிறுமியின் கற்பனைத் தோழன் தன் வண்டிலை இழந்து உட்கார்ந்துவிடுவான். மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கும், சரிவராது. கவலை பக்கத்தில் போய் இருந்து, இழந்ததைப் பற்றிக் கதைக்கவிட்டுக் கேட்கும். அவன் அழுது முடித்துவிட்டு எழும்பி நடப்பான். உங்கள் வீட்டில் இத்தனை வருசமும் ஒருவரும் அப்படி இருந்து கேட்கவில்லை.

ஆகவே தனிய இருந்து பார்க்காதீர்கள். நூல் கட்டிவிட்ட மனைவி உங்களில் கரிசனை உள்ளவர், அவரைப் பக்கத்தில் இருத்தித் தங்கச்சியின் கதையை முழுக்கச் சொல்லுங்கள். மாமிக்கு விளக்கம் கொடுத்துக் களைக்க வேண்டாம். மகளுக்கு, உனக்கு ஒரு சின்ன மாமி இருந்தவ, அவவுக்குப் பாலைப்பழம் என்றால் உயிர் என்று சொல்லுங்கள். சாவைப் பற்றி இப்போதைக்கு அவள் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். அம்மா தாங்கமாட்டா என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவவும் உங்களை நினைத்து வாய் மூடி இருக்கலாம். தங்கச்சிக்கு ஒரு படையல் வைப்போமா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

படலை விசயம். அதே மீன் படத்தில், மகனுக்கு ஒன்றும் நடக்க விடமாட்டேன் என்று தகப்பன் திருப்பிச் சொல்லும்போது கூடவரும் மீன் டோரி, ஒன்றுமே நடக்க விடாவிட்டால் அவனுக்கு ஒன்றுமே நடக்காதே என்று சொல்லும். கண்ணிவெடிப் பலகை நின்ற மண்ணில் பிள்ளை வளர்க்கிறவரின் பயத்தை நான் வீண்பயம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் உங்கள் பயத்துக்குள் அவளுடைய குழந்தைப் பருவம் கழிந்துவிடக் கூடாது. பின்னேரத்தில் அயல் பிள்ளைகளைக் கூட்டி, ஒழுங்கையில் கிளித்தட்டுக்குக் கோடு கீறி, முதல் ஆட்டத்தில் நீங்களும் இறங்குங்கள்.

நித்திரை குழம்பினாலோ, கெட்ட கனவு விடாமல் வந்தாலோ, வேலைக்குப் போக மனமில்லாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருதரம் தலைகாட்டினாலும், தாமதிக்காமல் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.