‘ரிபல்ஷன்’: காந்தப் பாடத்தில் ‘வெறுப்பு’ வருமா?

வராது. காந்தப் பாடத்தில் வரும் ‘ரிபல்ஷன்’ (repulsion) என்ற ஆங்கிலச் சொல்லை ‘இரு வட துருவங்களுக்கு இடையே வெறுப்பு’ என்று நீங்கள் மொழிபெயர்த்த இடத்தில் ‘விலக்கு விசை’ என்று போடுங்கள். வினையாக எழுதினால் இன்னும் இயல்பு: ‘ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும்.’

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அந்தச் சொல்லின் லத்தீன் வேர் ‘பின்னே தள்ளு’ என்பதுதான். மனம் ஒன்றைத் தள்ளினால் அருவருப்பு; பொருள் பொருளைத் தள்ளினால் விலக்கம்.

சோதிக்க ஒரு வழி: வாக்கியத்தில் ‘ஈர்ப்பு’ என்று மாற்றிப் படியுங்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவிலான விசையாகவே அது நின்றால் ‘விலக்கு விசை’. ஒருவர் மனத்தில் எழும் உணர்வாக நின்றால் ‘அருவருப்பு’. ஆங்கிலத்தில் பின்னால் ‘பிட்வீன்’ (between, ‘இடையே’) வந்தால் பெரும்பாலும் முதல் வகை.

உணர்வைச் சொல்லும்போதும் ‘வெறுப்பு’ சற்றுத் தளர்வான சொல்தான். பகைவனை வெறுக்கலாம், அருவருக்க வேண்டியதில்லை. அழுகிய பிணத்தைக் கண்டு முகம் சுளித்துப் பின்வாங்குவதே ரிபல்ஷன். குமட்டல் அதற்கு மிக அருகில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘விலக்கு’ என்று தனியே விட்டால் வரிவிலக்கு போன்ற பொருளும் தலைகாட்டும், ‘விசை’யைச் சேர்த்தே எழுதுங்கள். ‘எதிர்ப்பு’ வேண்டவே வேண்டாம், மின்தடையோடு குழம்பும். போர்ச் செய்தியில் எதிரியின் தாக்குதலைப் பின்வாங்கச் செய்ததாக ‘ரிபல்ஷன்’ வந்தால் ‘விலக்கு விசை’, ‘அருவருப்பு’ இரண்டும் பொருந்தாது, அங்கே ‘முறியடிப்பு’.