சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, சிமெண்ட் வைத்துப் பூசினால் போதுமா?

போதாது. இரண்டு முறை பூசி இரண்டு முறையும் விழுந்த வீடு எங்களுடையது.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு. ஒருநாள் சமையலறை சன்ஷேடின் அடிப்பக்கம் முறம் அளவுக்குப் பெயர்ந்து துவைக்கிற கல் மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் உள்ளே போயிருந்தார். கொத்தனார் வந்து அரை நாளில் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

நல்ல கான்கிரீட்டில் காரம் அதிகம், அதற்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு இறங்க இறங்கக் காரம் குறையும், கடலோரம் என்றால் உப்பு வேறு. துரு, தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் மேலே எதைப் பூசினாலும் உள்ளிருந்து தள்ளிவிடும். கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. எங்களுக்கு அரை அங்குலம்கூட இல்லை!

மூன்றாவது முறை ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டோம். சன்ஷேடுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டுமாம், கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே அமுங்கியிருக்கிறது. சமையலறை சன்ஷேடு ஒன்றரை அடிதான் நீண்டிருக்கிறது, தாங்கும் என்றார். பின்பக்கம் மூன்றடி நீண்டிருந்ததை இடிக்கச் சொன்னார், இடித்தோம். ஆகவே நீங்களும் முதலில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை கீழே யாரும் நிற்க வேண்டாம்.

அப்புறம் முட்டுக் கொடுத்துவிட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்து உள்ளே விட்டுப்போய் 'டொப்' என்று கேட்ட இடமெல்லாம் கொத்தினார்கள். கம்பியின் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்த வேண்டும். கொத்தனார்கள் இதற்குத்தான் சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள். கம்பி பிரஷால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்த்து, மெலிந்துபோன இரண்டு கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, ஜிங்க் பிரைமர் அடித்தோம். பழைய கான்கிரீட்டை நனைத்து, சிமெண்டில் லேடெக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த பால் அடித்து, அது காய்வதற்குள் பாலிமர் கலவையை (பிசின் சேர்த்த சிமெண்ட் கலவை) இரண்டு மூன்று தடவையாக ஏற்றினார்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால் சரிந்துவிடும். ஏழு நாள் ஈரச் சாக்கு. கலவைக்குக் கேன் தண்ணீர்தான் வாங்கினோம், எங்கள் போர் தண்ணீர் உப்பு.

மேல்பக்கம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுத்து வாட்டர்புரூஃபிங் அடித்தோம். விளிம்புக்கு அடியில் தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிட ஒரு காடியும் வெட்டினோம்.

நான்கு மழை தாண்டிவிட்டது. போன வாரம் ஓரத்தில் மெல்லிதாக ஒரு பழுப்புக் கோடு கண்ணில் பட்டது. பொங்கலுக்கு முன் ஏணி போட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்.