மேக்ரோ கேட்டு வாங்கட்டும்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பால் சங்கத்துக்காக, பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஃபிளாஸ்க்கில் தளம் அமைக்கிறேன். படிவத் தலைப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்ட அதன் பக்க வார்ப்பு மொழியான ஜின்ஜாவில் ஒரு மேக்ரோ (வேண்டிய இடத்திலெல்லாம் அழைக்கக்கூடிய துண்டு) எழுதினேன். அதே பக்கத்தில் இருந்தவரை சரியாக வந்தது. தனிக் கோப்பில் வைத்து இம்போர்ட் செய்ததும் தலைப்புகள் காணாமல் போயின. இம்போர்ட் வரியில் 'வித் கான்டெக்ஸ்ட்' சேர்த்தால் வந்துவிடுகின்றன. அப்படியே விடலாமா, ஜாங்கோ என்ற வேறு கட்டமைப்புக்கு மாறலாமா? உறுப்பினர் பெயர் உட்பட எல்லாவற்றுக்கும் 'சேஃப்' (மாற்றாமல் உள்ளபடியே காட்டு என்ற குறி) போட்டிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜாங்கோ பேச்சு இப்போது வேண்டாம். 'சேஃப்' போட்டதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டும் ஆட்டோஎஸ்கேப் இயங்கும்போது மேக்ரோ தரும் எச்டிஎம்எல்லை ஜின்ஜா மறுபடி மாற்றுவதில்லை. அங்கே 'சேஃப்' தேவையே இல்லை. உறுப்பினர் பெயரிலோ, எவரேனும் பெயருக்குப் பதிலாக ஸ்கிரிப்டை (உலாவியில் ஓடும் நிரலை) இட்டு நிரப்பினால் அது சங்கச் செயலாளரின் திரையில் ஓடும். இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மேக்ரோவைப் படித்தபோது சித்தூர் தாலுகா அலுவலகத்தின் அருகே மனு எழுதிக்கொண்டிருந்த என் மாமா நினைவுக்கு வந்தார். தமிழில் சொல்பவர்களுக்கு மலையாளத்தில் எழுதித் தருவார். பக்கத்து வீட்டுக்காரரே வந்தாலும் தகப்பனார் பெயர், வீட்டுப்பெயர், சர்வே எண் எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்ட பிறகே பேனாவைத் திறப்பார். தனக்குத் தெரிந்ததை எழுதி அது தவறானால் அலைய வேண்டியவர் மனுதாரர் அல்லவா என்பார். மேக்ரோவும் அப்படித்தான் இருக்க வேண்டும். இம்போர்ட் செய்த கோப்பை ஜின்ஜா தேக்கி வைத்து மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்வதால், பக்கத்துக்கு நீங்கள் அனுப்பிய 'மொழி' என்ற மாறி அதற்குள் எட்டுவதில்லை. ஒரு கோப்பைப் பக்கத்துக்குள் அப்படியே சேர்க்கும் இன்க்ளூடுக்குத்தான் அந்த மாறி இயல்பாகக் கிடைக்கும். 'வித் கான்டெக்ஸ்ட்' அந்தத் தடுப்பை நீக்கிவிடுகிறது. நாளை வேறொருவர் ஒரு பக்கத்தில் 'மொழி' என்ற பெயரை மாற்றினால், மேக்ரோவின் முதல் வரியைப் பார்த்து அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மொழியை மேக்ரோவின் முதல் அளவுருவாக (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பாக) வையுங்கள், ஒவ்வொரு அழைப்பிலும் அதை எழுதுங்கள். கை வலித்தால் வலிக்கட்டும்.

ஆனால் அதுவும் முழுக் காவல் ஆகாது. ஓர் அளவுருவைத் தர மறந்தாலும், ஒரு மாறி எட்டாவிட்டாலும் ஜின்ஜா பிழை சொல்லாது, வெற்றிடத்தை அச்சிட்டுவிட்டுப் போய்விடும்; உங்கள் தலைப்புகள் சத்தமின்றி மறைந்ததும் இதனால்தான். எனவே மதிப்பில்லாத மாறியைப் பிழையாகக் காட்டும் 'ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்ட்' அமைப்பையும் இட்டுவிடுங்கள். உடனே சில பக்கங்கள் பிழை காட்டி நிற்கும். அவற்றைச் சரிசெய்த பிறகு சங்கத்துக்காரர்களிடம் தளத்தைக் காட்டுங்கள்.